என் கண் அந்த நீல ட்ரம்முக்குப் போகிறது

ஜூன் 1, ஞாயிறு

இன்று மாலை என் படம் மேசைமேல் இருந்தது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு ஸ்டுடியோவின் மாடி. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட ஐயா, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்த அறையைத் திறந்து வைப்பார். ஏழெட்டுப் பேர் வருவோம். யாருக்கும் போட்டோ எடுப்பது தொழில் இல்லை. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற சர்வேயர். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் சந்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். ஆளுக்கு ஒரு படம், மேக்ஸி சைஸில் பிரின்ட் போட்டது. பெயர் எழுதக் கூடாது.

ஐயா வைத்திருக்கும் முறை இதுதான். படத்தை முதல் ஒரு நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தமக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எடுத்தவர் கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. 'அன்று வெளிச்சம் இல்லை', 'பின்னால் போக இடம் இல்லை' என்ற விளக்கமெல்லாம் படத்துக்குள் இல்லை, பார்ப்பவருக்கு அது தெரியாது என்பார் ஐயா.

என் படத்தில் ஆயா. காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில், விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து களி கிண்டுகிறார். காலை வெயில் புகைக்குள் கோடு கோடாக இறங்குகிறது. எடுத்த நாளிலிருந்து எனக்கு இதுதான் நான் எடுத்ததிலேயே சிறந்த படம்.

நான்கு பேர் 'சூப்பர்' என்றார்கள். புகையைச் சொன்னார்கள், சுருக்கங்களைச் சொன்னார்கள். சர்வேயர் சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "என் கண் அந்த நீல ட்ரம்முக்குப் போகுது. போனா திரும்பி வரமாட்டேங்குது."

ஆயாவின் தலைக்கு நேர் பின்னால் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல பிளாஸ்டிக் ட்ரம். இத்தனை நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஜூன் 2, திங்கள்

கோபம். காலையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூட அந்த வார்த்தைதான் காதில். ஆயாவின் முகத்தை விட்டுவிட்டு ட்ரம்மைப் பார்க்கிறாரே என்று.

இரவு படத்தைத் திறந்தேன். இப்போது எனக்கும் ட்ரம்தான் முதலில் தெரிகிறது.

ஜூன் 7, சனி

பக்ரீத் விடுமுறை. விடியற்காலை பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

முதலில் லென்ஸால் தீர்க்கப் பார்த்தேன். என்னிடம் இருப்பது 50 மி.மீ. லென்ஸ். f/1.8 வரை திறந்தால் பின்னணி கலங்கிவிடும். கலங்கியது. ஆனால் நீலம் நீலமாகவே இருந்தது. விளிம்பு போய்விட்டதே தவிர, தலைக்குப் பின்னால் ஒரு பெரிய நீலக் குமிழ் மிதந்தது. சுற்றிலும் மண்ணும் சாம்பலும் விறகுமாகப் பழுப்பு நிறம். நடுவில் ஒரே ஒரு நீலம் இருந்தால், கலங்கியிருந்தாலும் கண் அங்கேதான் போகும். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். ட்ரம் அடங்கியது. கூடவே அடுப்பின் செம்மையும் அடங்கிப்போனது.

கடைசியில் ட்ரம்மை மாமாவும் நானும் உருட்டிப் போய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்தோம். ஆயாவை அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். "இப்படியா கண்ணு?" என்று கேட்டு, களி கிண்டும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். எடுத்தேன். பின்னால் வெறும் மண்சுவர், துடைத்து வைத்தது போல.

ஜூன் 8, ஞாயிறு

புதுப் படத்துக்கு யாரும் 'சூப்பர்' சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் சந்தூர்ப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆயா போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி இருக்காங்க. போன வாரம் வேலை செஞ்சிட்டிருந்தாங்க."

உண்மை. ட்ரம் போனதோடு ஆயாவும் போய்விட்டார். சர்வேயர் சார் ட்ரம்மை எடுக்கச் சொல்லவே இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். தன் கண் எங்கே போகிறது என்று மட்டும்தான் அவர் சொன்னார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். என்ன செய்தால் சரியாகும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த முற்றத்தில் நின்று பார்க்க வேண்டியவள் நான்.

அடுத்து வந்த படம் அந்தப் பெண்ணுடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மாங்கூழ் ஆலைக்கு வெளியே சாலையோரம் ஒரு டிராக்டர். படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு டிரெய்லர் நிறையப் பெங்களூரா மாங்காய். வலது ஓரத்தில், கிட்டத்தட்ட விளிம்பில், அவள் அப்பா தலையில் துண்டுடன் குந்தியிருக்கிறார்.

ஐயாவிடம் 'எல்' வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள் உண்டு. பிரின்ட்மேல் வைத்து நகர்த்தினால் க்ராப் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். நான் அதை எடுத்து இடதுபக்கம் முழுவதையும் மூடினேன். அப்பாவின் முகமும் துண்டும் தோளும் மட்டும். "பார், இப்போதான் படம். அந்தப் பக்கம் எல்லாம் வீண். மூன்றில் ஒரு பங்கு விதி தெரியுமில்லையா?" என்றேன். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைக்க வேண்டும் என்கிற விதி. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. பேச அனுமதி வந்தபோதும் சொல்லவில்லை. பிரின்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

என் படத்தைப் பற்றி அவள் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததா? இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

வேலை முடிந்து ஸ்டுடியோவுக்குப் போனேன். ஐயா தனியாக இருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "நீ காட்டுன க்ராப் நல்ல க்ராப்தாம்மா. ஆனா அது உன் படம். அவ படம் என்னன்னு நீ கேக்கவே இல்ல."

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றியும் பேசினார். அந்தப் பெயரில் அதை எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797-ல். கிராமப்புறக் காட்சிகளை வரைபவர்களுக்காக எழுதியது. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். "வயசான விதி, மரியாதை கொடு. ஆனா அதை வச்சு சின்னப் பிள்ளைய அடிக்காதே" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் போச்சம்பள்ளி சந்தை. இருபது படம் எடுத்தேன், எதிலும் மனம் ஒட்டவில்லை.

மாலை அவள் வருவாளா என்று மாடிப்படியிலேயே நின்றேன். வந்தாள். "போன வாரம் நான் தப்பாகப் பேசிவிட்டேன் பாப்பா. அந்தப் படத்தில் நீ எதைக் காட்ட நினைத்தாய்?" என்று கேட்டேன்.

"அப்பாவ வீட்லயே எடுக்கலாம்க்கா," என்றாள். "அது ரெண்டாம் நாளு. ஆலையில காய எடுத்துக்கல. வண்டி வரிசை நகரவே இல்ல. எவ்ளோ காய், எவ்ளோ சின்னதா அப்பான்னு காட்டணும்னு எடுத்தேன்."

இந்த வருடம் பெங்களூராவுக்கு விலை விழுந்துபோனது. அதைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசாத டீக்கடை இல்லை. நான் அட்டையால் மூடியது அதைத்தான்.

அவளையே பிரின்ட்டை மறுபடி எடுக்கச் சொல்லி, இருவரும் பார்த்தோம். இந்த முறை தெரிவதை மட்டும் சொன்னேன். காய் நிறையத் தெரிகிறது, ஆனால் வானம் வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது. கண் மேலே வெள்ளைக்கு ஓடுவதால் அப்பாவிடம் வரத் தாமதமாகிறது. அவளே சொன்னாள்: "வண்டி மேல ஏறி, கீழ பாத்து எடுத்திருந்தா வானமே வந்திருக்காது இல்ல?" எனக்கு அது தோன்றவே இல்லை.

சர்வேயர் சார் ஒரு நடுகல் படம் கொண்டுவந்திருந்தார். ஊத்தங்கரைப் பக்கம், வேடியப்பன் என்று ஊரார் கும்பிடும் கல். நண்பகலில் ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்தது. என் முறை வந்ததும், "எனக்கு ஒரு கல் தெரிகிறது சார், மஞ்சள் குங்குமம் தெரிகிறது. வீரன் தெரியவில்லை" என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "எனக்கும் நேர்ல தெரிஞ்சான், படத்துல தெரியல" என்றார். அரை விரல் ஆழச் செதுக்கலுக்கு நேரிலிருந்து வெளிச்சம் அடித்தால் நிழலே விழாது, எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து வருட வேண்டும். "கல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது சார்?" என்றேன். "வடக்கு" என்றார் உடனே. நாற்பது வருடம் நிலம் அளந்தவர். அப்புறம் அவரே கையை உயர்த்தி, "ஆனி மாசம், சூரியன் வடகிழக்குல எழும். ஆறரை மணிக்கு அந்த முகத்துல வெயில் சாய்ஞ்சு விழும். மார்கழியில வந்தா வெயிலே படாது. அடுத்த வாரமே போயிடலாம், என்ன?" என்றார். அடுத்த வாரம் எதற்கு, நாளை மறுநாளே போகலாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

போனோம். அவர் பைக்கில் முன்னால், நானும் பாப்பாவும் என் ஸ்கூட்டியில் பின்னால். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மேகம் கலைய ஆறே முக்கால் ஆனது.

வெயில் கல்லின் ஒரு விளிம்பில் தொட்டது. பிறகு மெல்ல ஊர்ந்து உள்ளே வந்தது. முதலில் வில் எழுந்தது. அதன் பின் வளைந்த முழங்கால். ஒரு கையில் குறுவாள். தலை ஒருபக்கம் திரும்பி, கொண்டை முடிந்திருக்கிறது. மூன்று பேரும் கேமராவைத் தூக்காமலே நின்றோம். சார் கண் கலங்கிவிட்டார். சிறுவயதிலிருந்து பார்க்கும் கல்லாம், கொண்டையை இன்றுதான் பார்க்கிறாராம்.

பத்து நிமிடத்தில் வெயில் ஏறி, வீரன் மறுபடி கல்லுக்குள் அமிழ ஆரம்பித்தான். சார் எடுத்தது ஆறு படம். போதும் என்றார்.

ஜூன் 21, சனி

ஊருக்குப் போய்விட்டேன். ட்ரம்மை இந்த முறை தொடவில்லை. ஆயாவையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. கேழ்வரகு மாவு சலித்ததிலிருந்து கூடவே இருந்தேன்.

முற்றத்தில் நான் எப்போதும் நின்று எடுக்கும் இடத்திலிருந்து இடதுபக்கம் இரண்டு எட்டு வைத்து மண்டியிட்டேன். அவ்வளவுதான். ஆயாவின் தலைக்குப் பின்னால் உள்வீட்டு இருட்டு வாசல் வந்தது. வெள்ளை முடி அந்த இருட்டில் ஒளிர்ந்தது. ட்ரம் இடதுபுறம் ஒதுங்கி, அதன் இடத்தில் அதுவாக நின்றது.

வெயில் வருவதற்கு முன்பான வெளிச்சம். முகமும் பானையும் இரண்டுமே துல்லியமாக வேண்டும் என்று லென்ஸின் திறப்பைச் சுருக்கி f/8 வைத்தேன். ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கியது. அவ்வளவு மெதுவாக எடுத்தால் என் கை ஆட்டம் படத்தில் விழும் என்பதால், கேமராவை அம்மிக்கல்மேல் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டேன். ஆயா கிண்டி முடித்து, பானை விளிம்பில் கையை வைத்துத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஜூன் 22, ஞாயிறு

மேசைமேல் வைத்தேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

பாப்பா முடியைச் சொன்னாள். ஐயா, "ட்ரம் இருக்கு, ஆனா கடைசியிலதான் போய்ப் பாத்தேன்" என்றார். அதற்கே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. சர்வேயர் சாரின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றவில்லை, குனிந்து பார்த்தார். "முகம் தெளிவா இருக்கு. பானை விளிம்பு தெளிவு. கரண்டித் துளைகூடத் தெரியுது. கை மட்டும் ஏன் கலங்கியிருக்கு?"

எல்லோரும் முடித்ததும் சொன்னேன்: "கிண்டிக்கொண்டிருந்தார் சார், அந்த அசைவு."

"துடுப்பு சுவர்ல சாய்ஞ்சிருக்கேம்மா" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

7-ஆம் தேதி எடுத்ததைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஷட்டர் வேகம் அதிகம், கலங்கல் இல்லை. ஆனால் இடது கை வலது மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறது. அதை நான் ஆயா வெட்கப்படுகிறார் என்று நினைத்திருந்தேன்.

போனில் கேட்டேன். "அது கொஞ்ச நாளாவே அப்படித்தான் கண்ணு. சும்மா வச்சாதான் ஆடுது, வேலை செஞ்சா ஆடறதில்ல. உங்க மாமன்கிட்ட சொல்லாத" என்றார்.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் போய் ஆயாவை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அந்த பிரின்ட்டையும் எடுத்துப்போகிறேன்.