கல்லணை முதல் பூம்புகார் வரை ஒரு நடை

பிப்ரவரி 20
பெரியப்பாவுக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆட்டோவுக்குத்தான் காசு. 4 மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்தவரைக் கூட்டப் பேருந்தில் ஏற்ற மனசு வராது. எங்கள் ஊரில் இப்படி 5 பேர். அவர்கள் ஆட்டோச் செலவுக்காக நானும் மச்சானும் காவிரியோரமாக நடக்கப் போகிறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொந்தக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சின்ன மாமா 10 ரூபாய், அதுவும் "நடந்த தூரத்துக்கு மட்டும்தான்டா."

பிப்ரவரி 27, திருக்காட்டுப்பள்ளி
காலை 5 மணிக்குக் கல்லணை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீரைப் பங்கு போடும் இடம்; இப்போது பங்கு போட அதிகமில்லை. மேட்டூரை ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள்.

புது ஷூ வாங்கியது என் மடத்தனம். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

பிப்ரவரி 28, திருவையாறு
எதிரே மஞ்சள் உடையில் சமயபுரத்துக்கு நடக்கும் கூட்டம். "சமயபுரம் அந்தப் பக்கம்ல இருக்கு, நீங்க இப்படிப் போறீங்களே?" என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். கோயிலுக்கு இல்லை என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஓர் அக்கா சாலையோரத்தில் உட்கார வைத்து என் காலைப் பார்த்தார். "கொப்புளத்தைக் குத்தாதீங்க தம்பி. விளக்கெண்ணெய் தடவி ரெண்டு சாக்ஸ் போடுங்க." பதினோராவது வருடமாக நடக்கிறாராம். பயிற்சி அட்டவணை என்று இணையத்தில் ஒரு வாரம் தேடியவன் நான்.

மார்ச் 1, கபிஸ்தலம்
விளக்கெண்ணெய் வேலை செய்கிறது.

தாளடி அறுவடை. தார்ச்சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது விதி. தளர்த்தச் சொல்லி ஏறக்குறைய வருடா வருடம் கோரிக்கை போகும். அதனால் வெயில் இருக்கும்போதே காயப்போட்டு, காலால் வரி வரியாகக் கோதிவிடுகிறார்கள். லாரி அதன் மேலேயே ஏறிப் போகிறது. எங்களுக்கு மிதிக்கக் கால் வரவில்லை. ஒவ்வொரு களத்தையும் சுற்றி, புழுதியில் இறங்கி ஏறினோம். மச்சான் திட்டிக்கொண்டே வந்தான், ஆனால் அவனும் மிதிக்கவில்லை.

மார்ச் 3, ஆடுதுறை
நேற்று கும்பகோணத்தில் டிகிரி காபி, தூக்கம். அவ்வளவுதான்.

இந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் வந்தது. ஏடிடீ 36, ஏடிடீ 43 என்று விதை நெல்லிலேயே ஊர்ப் பெயர் இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் சொன்னால், "அதெல்லாம் சரி, ஆட்டோ எவ்வளவு கேக்குறான்?" என்றார். சொன்னேன். "ஜாஸ்தி" என்று 100 ரூபாய் கொடுத்தார்.

மார்ச் 5, பூம்புகார்
கல்லணையில் அத்தனை அகலமாகப் பார்த்த காவிரி, கடலில் சேருமிடத்தில் ஒரு வாய்க்கால் அளவுதான். மச்சான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் காலைத் தண்ணீரில் வைத்துக் கத்தினான், உப்பு பட்டு எரிச்சல்.

மாமாவுக்குப் போன் போட்டேன். என் போன் காட்டும் தூரத்துக்கும் அவர் மேப்பில் பார்த்ததற்கும் 11 கிலோமீட்டர் வித்தியாசம். நெல்லைச் சுற்றியது என்றேன். "யாரு நெல்லு?" என்றார். கபிஸ்தலம் பக்கம் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. "சரி, அதையும் சேத்துக்க. ஆனா டீக்கடைக்குப் போனதைக் கழிச்சிடு."