பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டால்?

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிரைமரி தேர்தல், அதாவது கட்சிகளின் வேட்பாளர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், நடந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்னால் சில வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது. ‘நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிட்டால்?’ என்று கேட்டது அது. கெர்பர், கிரீன், லாரிமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1,80,000 வீடுகளை எடுத்து நடத்திய சோதனை இது. அங்கே யாருக்குப் போட்டார் என்பதுதான் ரகசியம். போட்டாரா இல்லையா என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கும்.

கடிதமே போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ‘வாக்களிப்பது கடமை’ என்ற கடிதத்துக்கு 31.5. உபதேசத்தின் விலை அவ்வளவுதான். ‘உங்களைக் கவனிக்கிறோம்’ என்றதற்கு 32.2. அந்த வீட்டாரின் பழைய பதிவைக் காட்டியபோது 34.5. முதலில் சொன்ன ‘பக்கத்து வீட்டார்’ கடிதத்தில், அக்கம்பக்கத்தார் பெயர்களையும் பதிவுகளையும் சேர்த்து அச்சடித்து, தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் வரும் என்று சொன்னபோது 37.8. ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவதை மனசு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ‘போடாத ஆள்’ என்று தெருவில் பெயர் எடுப்பது அப்படியில்லை.

இதைப் பிரசாரத்தில் இறக்குகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். இந்தக் கடிதம் யாருடைய கட்சியையும் மாற்றாது, ஆளை வாக்குச்சாவடிக்குக் கிளப்பிவிடும், அவ்வளவே. எல்லா வீட்டுக்கும் அனுப்பினால் எதிராளியின் ஓட்டையும் நம் காசில் கிளப்பிவிட்டதாக ஆகும். தவறாமல் போடுகிறவருக்கும் ஒருநாளும் போடாதவருக்கும் அனுப்புவதும் வீண். நம் பக்கம் சாய்ந்திருந்தும் சில தேர்தலில் வந்து சிலதில் வராதவர்தான் இலக்கு. இரண்டாவது, கோபம். 2016-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸ் தரப்பு, பெறுநருக்கும் அண்டை வீட்டாருக்கும் மதிப்பெண் போட்டு, ‘வாக்களிப்பு மீறல்’ என்ற தலைப்போடு அனுப்பிய தாளை அந்த மாநிலத்தின் தேர்தல் பொறுப்பாளரே கண்டித்தார்.

மிரட்டாமல் அதே நரம்பைத் தொட முடியுமா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, ‘வாக்களிப்பது’ என்று கேட்பதைவிட ‘வாக்காளராக இருப்பது’ உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் கூடுதல் பேர் போடுகிறார்கள் என்றது. 2014 பிரைமரிகளில் வேறு குழுவினர் தொலைபேசியில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு காணவில்லை. தமிழில் இது இன்னும் எடுபடாது என்பது என் கணிப்பு. நமக்கு ‘வாக்காளர்’ என்பது பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். வீட்டில் தூங்கியவரும் வாக்காளர்தான். வினையை ஒட்டிப் பெயர் சூட்ட வேண்டுமானால் ‘ஓட்டுப் போடுறவங்க’ என்றுதான் கேட்க வேண்டும்.

ஆனால் மிச்சிகன் கடிதத்தின் சரக்கு நம் ஊரில் தாளே இல்லாமல் ஓடுகிறது. பூத் ஏஜென்ட் உள்ளே பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே இருப்பார். மதியத்துக்கு மேல் யார் வரவில்லை என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். “அண்ணே, உங்க வீட்ல இன்னும் யாருமே வரலையே” என்று கதவைத் தட்டுகிறவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டும். வெளியூர் ஆளை அனுப்பினால், “இதோ கிளம்பிட்டோம்” என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.