குவைத் இழப்பீடு: ஒரு டிக்கில் நான் விட்டது

போன வாரம் என் சகலை ஒரு விண்ணப்பத் தாளோடு வீட்டுக்கு வந்தார். 1990-இல் குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு இன்னும் ஐ.நா. பணம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் சொன்னாராம். அதைப் பார்த்ததும் எனக்குப் பழையதெல்லாம் கிளறிவிட்டது. அந்தப் பணத்துக்காக நான் அலைந்ததை எழுதிவைத்தால் இவரைப் போன்ற நாலு பேருக்காவது பயன்படும்.

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்த 1990 ஆகஸ்ட் 2 அன்று நான் அங்கே ஃபர்வானியா என்ற பகுதியில் எலக்ட்ரீஷியன். பாஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் பாலைவன முகாம், அம்மான், பம்பாய் என்று ஊர் வந்து சேர்ந்தேன். ஏர் இந்தியா அந்த இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 1,70,000 பேரைக் கொண்டுவந்தது, அதில் நானும் ஒருவன்.

பாஸ்போர்ட் என் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்த குவைத் முதலாளியிடம், மாட்டிக்கொண்டது. கடைக்குப் பூட்டு போட்டுவிட்டு அவர் குடும்பத்தோடு சவூதிக்குப் போய்விட்டார். தூதரகம் கொடுத்த அவசரச் சான்றிதழில்தான் பயணம் செய்தேன். அதையும் பம்பாய் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். நகல் எடுக்க வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றும்? குளித்துப் பதினைந்து நாளாகியிருந்தது.

ஐ.நா. 1991-இல் ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. நேராக அங்கே எழுத முடியாது, அவரவர் அரசாங்கம் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். இரண்டு விஷயத்துக்கு ஆதாரம் கேட்டார்கள்: குவைத்தில் இருந்தேன் என்பதற்கு ஒன்று, 1990 ஆகஸ்ட் 2-க்கும் 1991 மார்ச் 2-க்கும் இடையில் வெளியேறினேன் என்பதற்கு ஒன்று. என்னிடம் இரண்டுமே இல்லை.

பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த எழுத்தர் தாளிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாஸ்போர்ட் இல்லாம நீ குவைத்துல இருந்தேன்னு யார் நம்புவா?" என்றார். பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை) நம்பர் மனப்பாடமாக இருக்கிறது என்றேன். கார்டு எங்கே என்றார். ஈராக் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குத் திரும்பும் வழியில் எதுவும் கண்ணில் நிற்கவில்லை. ஒன்பது வருடம் உழைத்த ஊரில் நான் இருந்ததே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்!

வழி காட்டியது என் மனைவி. 1984-இல் ஊர் வங்கியில் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கு) தொடங்கியபோது பாஸ்போர்ட் நகல் கொடுத்தோமே என்றார். மேலாளர் நல்ல மனிதர். பழைய கோப்புக் கட்டுகளை இறக்கச் சொல்லி, என் படம், விசா, அக்காமா (தங்கும் அனுமதி) முத்திரை எல்லாம் உள்ள நகலைத் தேடி எடுத்து, வங்கி முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெளியேறிய தேதிக்கு, அம்மானில் விமானம் ஏறிய போர்டிங் கார்டின் கிழித்த துண்டு என் பழைய சட்டைப் பையில் கிடைத்தது. அந்தச் சட்டையைத் துவைக்க மனமில்லாமல் பெட்டியில் அப்படியே வைத்திருந்தார் மனைவி. குவைத் தபால் முத்திரை விழுந்த கடிதங்களையும் சேர்த்துக் கட்டினோம். இப்போது வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் ஊரில் இருக்கட்டும், செல்போனில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆதாரம் கிடைத்த சந்தோஷத்தில்தான் பெரிய தவறு நடந்தது. வெளியேறியதற்கான இழப்பீடு 'ஏ' பிரிவு. தனி ஆளுக்கு 2,500 டாலர். வேறு எந்தப் பிரிவிலும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000. குடும்பத்தோடு அங்கே இருந்து வெளியேறியவர்களுக்கு 5,000 அல்லது 8,000. சம்பளப் பாக்கி, வீட்டுச் சாமான், வங்கிப் பணம் போனவர்களுக்குத் தனியாக 'சி' பிரிவு, அதில் ஒரு லட்சம் டாலர் வரை கேட்கலாம். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. படிவம் நிரப்பிக் கொடுத்த டைப்பிங் கடைக்காரர், "அதிகமா வர்றதுல டிக் போட்டுட்டேன்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதச் சம்பளம், ஒன்பது வருட சர்வீஸ் பணம் (பணிக்கொடை) இரண்டும் அந்த ஒரு டிக்கில் போயின. என்னோடு அறையில் இருந்த மலையாளி நண்பர் 'சி' பிரிவிலும் போட்டு, என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாங்கினார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் காத்திருப்பு. ஈராக் விற்கும் எண்ணெயில் 30 சதவீதத்தை எடுத்துத்தான் இழப்பீடு தருவதாக ஏற்பாடு. ஆனால் தடை இருந்ததால் 1996 டிசம்பர் வரை எண்ணெய் விற்பனையே சரியாகத் தொடங்கவில்லை. 1998-இல் எனக்கு முதல் தவணை 2,500 டாலருக்கான டிராஃப்ட் வந்தது, அப்போதைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதையும் உடனே மாற்ற முடியவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. ஆறு மாதத்தில் டிராஃப்ட் காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் அந்த மூன்று வாரமும் தூக்கமில்லை. மீதி 1,500 டாலர் 2000-இல் சிக்கலில்லாமல் வந்தது. மனைவி அடகு வைத்திருந்த சங்கிலியை அதில்தான் மீட்டோம். எட்டு வருடம் வட்டி கட்டிய சங்கிலி அது.

சகலையிடம் இதையெல்லாம் சொன்னேன். தனி ஆட்களுக்கான விண்ணப்பங்களை 1990-களிலேயே மூடிவிட்டார்கள். ஆணையம் 2022 ஜனவரியில் குவைத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுத்து, மொத்தம் 5,240 கோடி டாலர் இழப்பீட்டையும் முடித்துக்கொண்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க இடமே இல்லை, எந்த முகவரும் எதையும் வாங்கித் தர முடியாது. சகலை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான், முன்பணமாக 5,000 ரூபாய் கொடுத்துவிட்டேன் என்றார். நாளைக் காலை அதைத் திரும்ப வாங்க இரண்டு பேரும் போகிறோம்.