பழைய ஐபியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வெப் சர்வர்

ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும் ஒரு சர்வீஸைப் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மாற்றினோம். பழையதன் ஐபி (நெட்வொர்க் முகவரி) 10.20.4.17, புதியது 10.20.9.31. அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் பெயர் என்பதால் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் எங்கள் கையில்தான் இருக்கிறது. முன்கூட்டியே டிடிஎல்லை, அதாவது ஒரு பதிலை வைத்துக்கொள்ளும் கெடுவை, 86400 விநாடியிலிருந்து 300க்குக் குறைத்து, பழைய ஒரு நாள் கெடு முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் பெயருக்கு எதிரே ஐபி எழுதியிருக்கும் ஏ ரெக்கார்டை மாற்றினோம். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் புது மெஷினுக்கு வந்துவிட வேண்டும். ஆனால் சாயங்காலம் பார்த்தால் பழைய மெஷினின் லாக் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து: முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக நின்று கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் இன்ஜின்எக்ஸ் வெப் சர்வர்.

"இன்ஜின்எக்ஸை ரீலோட் பண்ணியும் பார்த்துட்டேண்ணா, மாறலை. டிஎன்எஸ் பரவ ஒரு நாள் ஆகும்ல, நாளைக்குப் பார்ப்போமா?" என்றார் டீமில் இருக்கும் தம்பி.

இந்தப் பதிலை நான் எப்போதும் ஏற்றுக்கொள்வதில்லை. டிஎன்எஸ்ஸில் எதுவும் தானாகப் பரவாது. ஒருவர் கேட்கிறார், கிடைத்த பதிலைக் கெடு முடியும்வரை வைத்துக்கொள்கிறார், முடிந்ததும் மறுபடி கேட்கிறார். அவ்வளவுதான் விஷயம். 300 விநாடி தாண்டியும் பழைய பதில் வருகிறதென்றால் அதை எங்கோ ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார்; நாளைக்கும் அவர் அதையே வைத்திருக்கலாம்.

முதலில் நம் பெயர்களின் அசல் பதிவை வைத்திருக்கும் மூல நேம் சர்வர்கள் இரண்டையும் டிக் கமாண்டால் நேரடியாகக் கேட்டேன். இரண்டும் புது ஐபியைச் சொல்லின, பதிவின் பதிப்பைச் சொல்லும் எஸ்ஓஏ சீரியல் எண்ணும் ஒன்றாக இருந்தது. பெயர்ப் பதிவுகள் இருக்கும் ஜோன் ஃபைலைத் திருத்திவிட்டு சீரியலை ஏற்றாமல் விட்டால் இரண்டாவது சர்வர் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. அடுத்து வெப் சர்வருக்குள் போய் அங்கிருந்தே டிக் அடித்தேன். அங்கும் புது ஐபி. டிடிஎல் 212 என்று வந்தது, கொஞ்சம் பொறுத்து அடித்தால் 205. எண் இப்படி இறங்கிக்கொண்டே போனால் நமக்காகக் கேட்டுச் சொல்லும் நடு சர்வரான ரிசால்வர் தன் கேஷிலிருந்து (சேமித்து வைத்த பதிலிலிருந்து) ஒழுங்காகப் பதில் தருகிறது என்று பொருள்.

பலபேர் இந்த இடத்திலேயே "டிஎன்எஸ் சரியாத்தான் இருக்கு" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். டிக் என்பது டிஎன்எஸ் சர்வரிடம் மட்டும் பேசும் கருவி. மெஷினில் ஓடும் மற்ற புரோகிராம்கள் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி வழியாகக் கேட்கின்றன, அது என்எஸ்எஸ்விட்ச் ஃபைலில் எழுதியிருக்கும் வரிசைப்படி தேடுகிறது. வழக்கமான வரிசையில், மெஷினிலேயே பெயரும் ஐபியும் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் முதலில், டிஎன்எஸ் அப்புறம். ஆகவே புரோகிராம் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டுமானால் கெட்என்ட் கமாண்டில்தான் கேட்க வேண்டும். கேட்டேன். 10.20.4.17 என்று வந்து நின்றது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் நம் சர்வீஸின் பெயர் பழைய ஐபியோடு ஒரு வரியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் "டெம்ப், அப்புறம் எடுக்கணும்" என்று ஒரு குறிப்பு. முன்னொரு நாள் டிஎன்எஸ் படுத்தபோது யாரோ அவசரத்துக்குப் போட்டிருக்க வேண்டும். டிஎன்எஸ் பிறப்பதற்கு முன்பு இப்படி ஒரே ஒரு ஃபைலில்தான் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் எல்லா மெஷின் பெயர்களும் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. அது தாங்காது என்று 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஆனாலும் வரிசையில் முதலிடம் இன்றைக்கும் அந்தப் பழைய ஃபைலுக்குத்தான், அதற்கு டிடிஎல்லும் கிடையாது. இன்னொன்று: சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற உள்ளூர் ரிசால்வர் ஓடும் மெஷின்களில் டிக்குக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலிருந்தே பதில் வரலாம். இந்த மெஷினில் அது இல்லாததால்தான் இரண்டு கமாண்டுகளும் இரண்டு விதமாகப் பேசின.

வரியை எடுத்தேன். கெட்என்ட் உடனே புது ஐபியைக் காட்டியது. பழைய மெஷினின் லாக்கோ அப்படியே ஓடுகிறது!

இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டில் பார்த்தால், கோரிக்கைகளைக் கையாளும் இன்ஜின்எக்ஸ் வொர்க்கர்கள் 10.20.4.17க்குப் புதிது புதிதாக இணைப்பு எடுத்துக்கொண்டிருந்தன. சோர்ஸ் போர்ட் எண் ஒவ்வொரு முறையும் வேறு. அப்படியானால் முன்பு திறந்த இணைப்பு மூடாமல் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் டிசிபிடம்பை, டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53இல் வைத்துக் கவனித்தேன். கோரிக்கைகள் சரமாரியாக வருகின்றன, ஆனால் அந்தப் பெயரைப் பற்றி ஒரு கேள்விகூட வெளியே போகவில்லை. இன்ஜின்எக்ஸ் யாரையும் கேட்கவே இல்லை. கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியில் பெயரை நேராக எழுதினால் கான்ஃபிக் ஏறும்போது ஒரே ஒரு முறை ஐபியைக் கண்டுபிடித்து, அடுத்த ரீலோட் வரை அதையே வைத்துக்கொள்ளும். டிடிஎல் 300 ஆனால் என்ன, 3 ஆனால் என்ன, அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தம்பி செய்த ரீலோட் ஏன் எடுபடவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அப்போது ஹோஸ்ட்ஸ் வரி இருந்ததால் புதிதாகக் கேட்டும் பழைய பதிலே கிடைத்திருக்கிறது. வரியை மட்டும் எடுத்தாலும் மாறாது, ரீலோட் மட்டும் செய்தாலும் மாறாது. ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டு நின்றால் சரியான மருந்தும் வேலை செய்யாதது போலத் தெரியும்.

மறுபடி ரீலோட் கொடுத்ததும் போக்குவரத்து புது மெஷினுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகும் பழைய பக்கம் ஒன்றிரண்டு கோரிக்கைகள் சொட்டின. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் மூடிக்கொண்டிருப்பதாகக் காட்டிய பழைய வொர்க்கர்கள்தான் அவை. கையிலிருந்த நீளமான டவுன்லோடுகள் முடிந்ததும் தாமாகப் போய்விட்டன.

அடுத்த முறையும் இதே கூத்து நடக்கக் கூடாதல்லவா? இன்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ரிசால்வர் வரியைச் சேர்த்து, சர்வீஸின் பெயரை ஒரு வேரியபிளில் போட்டு அதை ப்ராக்ஸி பாஸில் கொடுத்தோம். அப்படிச் செய்தால் டிடிஎல்லை மதித்து மறுபடி கேட்கும். இதில் சில கொக்கிகள் உண்டு. இந்த ரிசால்வர் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது, சுருக்கப் பெயரின் பின்னால் சர்ச் டொமைனையும் சேர்க்காது, ஆகவே முழுப் பெயர் வேண்டும். வேரியபிள் வந்துவிட்டால், கடைசியில் பாதை எழுதியிருந்தால் அது அப்படியே போகும். வந்த கோரிக்கையின் பாதையோடு ஒட்டாது. சோதனைச் சூழலில் எல்லா லிங்க்கும் ஒரே பக்கத்தைத் திறந்தபோது இதைக் கவனித்துப் பாதையை எடுத்துவிட்டோம். இன்ஜின்எக்ஸ் 1.27.3 முதல் இலவசப் பதிப்பிலேயே, பின்னால் இருக்கும் சர்வர்களைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பகுதியின் சர்வர் வரியில் ரிசால்வ் என்று சேர்க்கலாம், இந்தச் சுற்றுவழி தேவையில்லை. எங்களுடையது அதற்கு முந்தைய பதிப்பு.

இன்னும் பழைய மெஷினுக்கே வந்துகொண்டிருந்தது ஒரு ஜாவா பேட்ச் புரோகிராம் மட்டும். ஜாவா தனக்கென்று ஒரு கேஷ் வைத்திருக்கிறது. செக்யூரிட்டி மேனேஜர் என்ற காவல் அடுக்கு இல்லாவிட்டால் வழக்கமான கெடு 30 விநாடி. இங்கே ஜாவா செக்யூரிட்டி ஃபைலில் அதை -1 ஆக்கி வைத்திருந்தார்கள், அதாவது ரீஸ்டார்ட் ஆகும்வரை மறக்கவே மறக்காது. தம்பி முதலில் அந்தக் கெடுவின் அமைப்புப் பெயரையே கமாண்ட் வரியில் மைனஸ் டி போட்டுக் கொடுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. அது செக்யூரிட்டி ப்ராப்பர்ட்டி என்பதால் அந்த வழியில் ஏறாது. அந்த ஃபைலிலேயே 60 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தார், அன்று இரவு ஓடியபோது அது புது மெஷினுக்கே வந்தது.