எலும்புக்குள் மருந்து போகுமா? என் எலும்புத் தொற்றுச் சிகிச்சை அனுபவம்

கால் முறிவுக்குப் பிளேட் வைத்தார்கள். எலும்பும் கூடிவிட்டது. ஆனால் தழும்பின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை மட்டும் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி தலைகாட்டும். எலும்பிலேயே தொற்று என்று எம்ஆர்ஐ சொன்னபோது, எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "எலும்புக்குள்ள நல்லா போற மருந்து எது டாக்டர்?"

தொற்றுநோய் நிபுணர் அதற்குப் பதில் சொல்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் இல்லை, தொற்று ரத்தத்தில் பரவும் அறிகுறியும் இல்லை. அதனால் காத்திருக்கலாம் என்றார். மருந்து உடம்பில் இருக்கும்போது கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுத்தால் கிருமி வளராமல் போய்விடக்கூடும். துளையின் வாயில் பஞ்சால் தொட்டு எடுத்தாலும் சரிவராது. தோலில் குடியிருக்கும் கிருமிகள் அதில் வந்துவிடும், எலும்புக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். ஆபரேஷனில் எலும்பிலிருந்தே பல துண்டுகள் எடுத்து அனுப்பினார்கள். வந்தது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், எலும்புத் தொற்றில் அதிகம் காணப்படும் கிருமி.

இனி என் கேள்விக்கு வருகிறேன். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவில் சுமார் 10 முதல் 30 சதவீதம்தான் எலும்பில் சேர்கின்றன. லெவோஃப்ளாக்சசின் போன்றவை அதைவிட நன்றாகவே சேர்கின்றன. இதைக் கேட்டதும், எனக்கு ஏன் செஃபலோஸ்போரின் வகையான செஃபசோலின் ஊசி என்று குழம்பினேன். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்கினார். பெரும்பாலும் மூட்டு மாற்று ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் எலும்பை அரைத்துத்தான் இதை அளக்கிறார்கள். அதிலுள்ள ரத்தமும் கணக்கில் கலந்துவிடும். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் எலும்பில் ஓர் அளவு கிடைக்கும், வெளியே கெட்டியான எலும்பில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தவிர, குறைந்த சதவீதமே போனாலும், நரம்பு வழியே பெரிய டோஸ் கொடுக்கும்போது கிருமியைக் கொல்லப் போதுமான அளவு எலும்பில் சேர்ந்துவிடும்.

"உங்க பிரச்சினை மருந்து இல்ல, செத்துப்போன எலும்பு" என்றார். தொற்றினால் ஒரு பகுதி எலும்பு ரத்த ஓட்டம் இழந்து தனித் துண்டாகிவிடும். மருந்து ரத்தத்தோடுதான் பயணிக்கிறது. வாய்க்கால் போகாத வயலுக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன பயன்? அதோடு, செத்த எலும்பிலும் பிளேட்டிலும் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். அதற்குள் இருப்பவை மெதுவாக வளர்வதால், மருந்து எட்டினாலும் எளிதில் சாவதில்லை. ஆக, செத்த எலும்பைச் சுரண்டி, பிளேட்டைக் கழற்றி, காலியான இடத்தில் ஜென்டாமைசின் கலந்த, தானே கரையும் மணிகளை நிரப்பினார்கள். ரத்தம் கொண்டுபோக முடியாத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் நிற்கும் என்பதுதான் கணக்கு.

பக்கத்துக் கட்டில்காரருக்கு முழங்கால் மூட்டில் சீழ். மூட்டின் உள்சவ்வில் ரத்தக் குழாய்கள் அதிகம் என்பதால், நரம்பில் ஏற்றும் மருந்து மூட்டு நீருக்குள் தாராளமாகவே போகிறதாம். அதனால் மூட்டுக்குள் தனியாக ஊசி தேவைப்படவில்லை. சீழை மட்டும் வடித்துக் கழுவினார்கள்.

சிகிச்சையின் 6 வாரமும் ட்ரிப்ஸ்தானா என்று பயந்திருந்தேன். இல்லை. எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடத்திய ஓவிவா ஆய்வு 2019இல் வெளியானது. முதல் 6 வாரச் சிகிச்சையில் மாத்திரைக்கு மாறியவர்களுக்கும் ஊசியிலேயே இருந்தவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. சிகிச்சை தோற்றது முறையே 13.2, 14.6 சதவீதம் பேருக்கு. அதற்காக எந்த மாத்திரையும் சரிவரும் என்றில்லை. குடலிலிருந்து நன்றாக உறிஞ்சப்பட்டு, கல்ச்சரில் வந்த கிருமிக்குக் கேட்கும் மருந்தாக இருக்க வேண்டும்.

எனக்கு லெவோஃப்ளாக்சசினும் ரிஃபாம்பிசினும் கொடுத்தார்கள். காயம் உலரும் வரை ரிஃபாம்பிசினைத் தொடங்கவில்லை. படலத்துக்குள் இருக்கும் கிருமியையும் தாக்கக்கூடியது அது. தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே எதிர்ப்பு பெற்றுவிடும், அதனால் எப்போதும் துணை மருந்தோடுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இல்லையென்றால் அலறியிருப்பேன். வார்ஃபாரின், கருத்தடை மாத்திரை போன்றவற்றின் வேலையை இது குறைத்துவிடும். சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லெவோஃப்ளாக்சசினோடு கால்சியம், இரும்புச்சத்து, நெஞ்செரிச்சல் மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கக் கூடாது, குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். குதிகாலுக்கு மேலே தசைநாணில் வலி வந்தால் உடனே சொல்லவும் சொன்னார்கள்.

இடையிடையே சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை), கல்லீரல் பரிசோதனைகள். சிஆர்பி மெல்ல இறங்கியது, துளையும் மூடியது. மாத்திரையை நிறுத்தியாயிற்று, ஆனால் ஒரு வருடமாவது கண்காணிப்பு உண்டு. மறுபடி வலியோ கசிவோ வந்தால், வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கை நானாக எடுத்துப் போடக் கூடாது, முதலில் வந்து சாம்பிள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.