“உங்க சைட்டு வரலைங்க” என்று போன் வந்தால்

ஈரோட்டில் இரண்டு பேராக ஒரு சின்ன வெப் டிசைன் தொழில் நடத்துகிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜவுளி, மஞ்சள் மண்டி, கல்யாண மண்டபம், ஒன்றிரண்டு கிளினிக். சைட் செய்து கொடுப்பதுதான் வேலை. ஆனால் ஒருமுறை செய்து கொடுத்துவிட்டால், அந்தக் கடையில் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் போன் எங்களுக்குத்தான். நெட் இல்லை, மெயில் போகவில்லை, மெஷின் மெதுவாக இருக்கிறது, எல்லாமே “உங்க சைட்டு வரலைங்க தம்பி” என்றுதான் வந்து சேரும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிரவுசரைத் திறந்ததும் அவர்களுடைய சைட்டே வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தது நாங்கள்தான், அதனால் எது கெட்டாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பவானியில் ஜமுக்காளக் கடை வைத்திருக்கும் ஒருவர், காலையில் ஷட்டரைத் தூக்கிய கையோடு கூப்பிட்டார். “தம்பி, சைட்டுக்குப் பதிலா என்னமோ எச்சரிக்கை வருதுங்க, மேல சிவப்புல பாதுகாப்பு இல்லைன்னு போட்டிருக்குது, யாரோ ஹேக் பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குது.” ஹேக் என்று காதில் விழுந்தவுடன் சர்வருக்குள் போய் எதையாவது செய்யத்தான் கை பரபரக்கும். பேக்கப்பை மீட்டெடுக்கலாமா, சைட் போலி இல்லை என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழை மறுபடி போடலாமா என்று. நன்றாக ஓடுகிற சைட்டில் அப்படிக் கை வைத்தால், இல்லாத பிரச்சினை ஒன்று உண்டாகி, எது பழையது எது புதியது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

அதனால் முதலில் என் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்தேன். வந்தது. எஸ்எஸ்எல் சான்றிதழின் தேதியைப் பார்த்தேன், காலாவதி ஆக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. “அண்ணா, உங்க செல்போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டுத் திறந்து பாருங்க.” “வருதுங்க.” “இப்ப கடை வைஃபையைப் போட்டுட்டுப் பாருங்க.” “இதுலயும் வருதுங்க.” சைட் நல்லது, கடையின் லைனும் நல்லது, மிச்சம் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் எதையும் தொடக் கூடாது என்பதில் நானும் கூட்டாளியும் பிடிவாதமாக இருக்கிறோம்.

“அந்த கம்ப்யூட்டர்ல வேற சைட் வருதாங்க?” என்று கேட்டால், வாட்ஸ்அப் வெப்பும் வரவில்லையாம். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நினைத்தாராம்! இங்கிருந்தே அந்த கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போட்டு உள்ளே போகலாம் என்றால் அதை டவுன்லோடு செய்யவே பிரவுசர் வேண்டும். சரி, ஸ்க்ரீன் முழுவதையும் ஓரம் வெட்டாமல் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஓரம் வெட்டாமல் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் வலது கீழ் மூலையில் கடிகாரம் இருக்கும். இருந்தது. தேதி 2016 ஜனவரி.

அதோடு விஷயம் முடிந்தது. சைட்டுக்கு நாங்கள் போட்டிருப்பது லெட்ஸ் என்க்ரிப்ட்டின் இலவசச் சான்றிதழ், 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் 2016-ல் நின்றுகொண்டிருந்தால் அதன் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அப்புறம் எப்படி நம்பும்? எச்டிடிபிஎஸ், அதாவது இப்படிச் சான்றிதழோடு வரும் பாதுகாப்பான இணைப்பு, உள்ள எந்த சைட்டுக்கும் இதே கதிதான். இதில் வேடிக்கை என்னவென்றால், கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் அந்த எச்சரிக்கைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறது. சிவப்பைப் பார்த்த பிறகு யார் படிக்கிறார்கள்.

தேதி ஏன் பின்னால் போனது? “காலைல ஆன் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன்ல என்னமோ கேட்குங்க, பையன் எஃப்1 அமுக்குவான், அப்புறம் வந்துரும். அது ரொம்ப நாளாவே அப்படித்தானுங்க.” மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கரண்ட் இருக்கும்வரை அந்த பேட்டரிக்குப் பெரிதாக வேலை இல்லை. இவர் கடையில் ராத்திரி மெயினையே ஆஃப் செய்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். மெயின் போனதும் கடிகாரத்தைத் தாங்க ஆள் இல்லை, விடிந்ததும் போர்டு தனக்குத் தெரிந்த பழைய தேதிக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் பையன் காலையில் தேதியையும் கையால் மாற்றிக்கொண்டிருந்தானாம், அன்றைக்கு அவன் லீவு. விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். எடுக்கும். ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் சாதாரண அமைப்பில் அது தானாகத் திருத்தாமல் விட்டுவிடும்.

போனிலேயே தேதியை மாற்றவைத்தேன், சைட் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையும் இதே கதைதான் என்பதால், ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு நேரில் போனேன். ஈரோட்டிலிருந்து பவானி 15 கிலோமீட்டர்தான். சிஆர்2032 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், 3 வோல்ட், ஒரு நாணயம் அளவு. சிபியுவின் பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே நூல் பஞ்சு, பிராசசர் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஜமுக்காளக் கடையில் சிபியு பெட்டியைத் தரையில் வைத்தால் இப்படித்தான் ஆகும். பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம், எடுக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. பேட்டரி உட்காரும் இடத்தில் ஓரமாக ஒரு சின்னக் கிளிப், அதை வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பிக்கொள்ளும். புதியதைப் பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி வைத்து அமுக்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்பில் தேதி நேரம் போட்டு சேமித்தாயிற்று. பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவைக்கச் சொன்னேன். டீ வந்தது. “அப்ப சைட்டுல ஒண்ணுமே இல்லீங்களா?” என்று கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டார்.

ஹோஸ்டிங், அதாவது சைட் இருக்கும் சர்வர், மாற்றும்போது வரும் போன்களும் இதே முறையில்தான் தீரும். போனில் புது சைட் வருகிறது, கடை கம்ப்யூட்டரில் பழையதே வருகிறது என்றால் சைட்டின் பெயருக்கு சர்வர் முகவரியைக் காட்டும் டிஎன்எஸ்ஸின் நினைவில் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஎன்எஸ் கேஷை, அதாவது அந்த நினைவை, ஃப்ளஷ் செய்து அழித்தால் போதும். மாற்றுவதற்கு முந்தைய நாளே முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 300 விநாடிக்குக் குறைத்து வைத்துவிட்டால் இந்த போன்களே பாதி வராது.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனுங்க” என்பதை மட்டும் நாங்கள் நம்புவதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொண்டு மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும், அதனால் உள்ளே சிக்கிய டிரைவர் (பிரிண்டர் மாதிரி கருவிகளை இயக்கும் மென்பொருள்) சிக்கியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாக ஏறும். ரீஸ்டார்ட் என்ற பட்டனையே அமுக்கச் சொல்லி, அது அணைந்து வரும்வரை லைனில் இருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

தமிழில் சைட் செய்பவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி ஒன்று இருக்கிறது: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பக்கத்தில் போட வேண்டிய விவரத்தைப் பிரஸ்ஸில் டைப் செய்து வேர்ட் கோப்பாக அனுப்புவார்கள். இங்கே திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. “வைரஸ் வந்துடுச்சாட்ட இருக்குது” என்பார்கள். அரைப்புள்ளி நிறைய இருந்தால் எனக்கு நிம்மதி, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அதுதான். எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றியில் போட்டால் வந்துவிடும். ஆனால் மொத்தமாகப் போட்டால் நடுவில் இருக்கும் மெயில் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும் தமிழாக மாறி நாறிவிடும், எனவே அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். எங்களுக்குக் கோப்பு அனுப்பும் பிரஸ்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

இப்போது புதிதாகக் கிளம்பியிருப்பது விண்டோஸ் 10 விவகாரம். 2025 அக்டோபர் 14-ஓடு பாதுகாப்பு அப்டேட்களும் அடங்கிய அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கடைகளில் இருக்கும் மெஷின்கள் பல இன்டெல் ஆறு, ஏழாம் தலைமுறை பிராசசர் உள்ளவை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மெஷின் ஓடத்தான் செய்யும், ஆனால் அதில் பேங்க் வேலை செய்யாதீர்கள், செல்போனில் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

காசு விஷயம். பேட்டரி மாதிரி சின்ன வேலைக்குப் பொருளின் விலையை மட்டும் வாங்கிக்கொள்கிறோம், அரை நாளுக்கு மேல் இழுத்தால் முன்கூட்டியே தொகையைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். புதுக் கொட்டேஷன்களில், சைட்டின் வருடப் பராமரிப்பில் கடையின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சேராது என்று ஒரு வரி போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போடும்போது அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டிப் படித்துச் சொல்கிறோம், ஹோஸ்டிங் வரியைக்கூட அவ்வளவு விளக்குவதில்லை.