பத்தாவது ஆள்

கூடலூரிலிருந்து குமுளி மலையேறி, அணக்கரைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்துத் தெருத்தெருவாக ஆள் ஏற்றி, லோயர்கேம்ப் தாண்டி வளைவெல்லாம் ஏறி, கேரள எல்லைச் செக்போஸ்ட்டைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருக்கும். சாயங்காலம் அதே ஆட்களோடு இறக்கம். என் வண்டியில் வழக்கமாகப் பதின்மூன்று பேர். யாருக்கு யார் மேல் கோபம், யார் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும். அதனால் 2021-ல் அவர்கள் ஒவ்வொருவரும் எதற்காகக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பதும் தெரியும். ஒருத்தர் காரணம் இன்னொருத்தருக்கு இல்லை.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு அப்போது 52 வயது. சர்க்கரை உண்டு. ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அப்போது கூட்டமே கிடையாது. சுகாதார நிலையத்தில் நர்சுகள் ஆள் வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அண்ணனும் ஒரு திங்கட்கிழமை ஒன்றாகப் போவதாகப் பேசி வைத்திருந்தோம். அதற்குள் ஏப்ரல் 17, சனிக்கிழமை விடிந்ததும் நடிகர் விவேக் இறந்த செய்தி வந்தது. இரண்டு நாளுக்கு முன்னால்தான் அவர் ஊரறிய ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். இதய ரத்தக் குழாயில் அடைப்பு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் பிறகு ஆராய்ந்து அதையேதான் சொன்னது. எங்கள் தெருவில் அது யார் காதிலும் ஏறவில்லை. "அவ்வளவு பெரிய மனுசனுக்கே இப்படின்னா" என்பதுதான் டீக்கடையில் பேச்சு.

மதினி தடுத்தார். "ஒரு வாரம் போகட்டும். நாலு பேர் போட்டுட்டு நல்லா இருக்காங்களான்னு பார்த்துட்டுப் போவோம்." நானும் சரி என்றேன். இதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. நானும்தான் சரி என்றேன்.

அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது. மே மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை விரலில் மாட்டியபோது 84 காட்டியது. மே 19 ராத்திரி பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முகத்தைத் தூரத்திலிருந்துதான் காட்டினார்கள். பதினாறாம் நாள் காரியத்தை வீட்டுக்குள்ளேயே ஆறு பேரோடு முடித்தோம். எனக்கும் மதினிக்கும் டெஸ்ட் எடுத்ததில் இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி என்பது அப்போதைய விதி.

ஜூன் 9 அன்று சுகாதார நிலையத்துக்கு ஸ்டாக் வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஊரடங்கு நேரம். ஊசிக்குப் போகிறோம் என்றால் போலீஸ் விட்டார்கள். ஜீப்பில் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனேன். என்னோடு ஒன்பது பேர். ஆதாரைக் காட்டிப் பெயரைப் பதிந்தோம். அப்புறம் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் கூப்பிடவில்லை.

கேட்டதற்கு நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து, ஆளுக்கு அரை மில்லி. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். "ஊர்ல மருந்தே இல்லாம கிடக்கோம். இதுல ஒரு ஆள் மருந்தைக் கொட்டுனா எனக்குத் தூக்கம் வராது அண்ணே. இன்னும் ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, உடனே திறந்துடுறேன்."

அந்த ஒரு மணி நேரம் புங்க மரத்தடியில் உட்கார்ந்து பேசியதில்தான் பாதிப் பேரின் காரணம் எனக்குத் தெரிந்தது.

ஒரு அக்காவின் மகளை அணக்கரையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. 2020-ல் பார்டர் மூடியிருந்தபோது பேரன் பிறந்தான். குமுளியில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் பிள்ளையைத் தூக்கிக் காட்ட, இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தவர். "தொட்டுத் தூக்கணும், அவ்வளவுதான்" என்றார். இன்னொருத்தருக்குக் குழுக் கடன். செவ்வாய்க்கிழமை ஆனால் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடும், தோட்டம் திறந்ததும் முதல் ஆளாக ஏற வேண்டும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பால் வற்றிவிடும் என்று மாமியார் பயமுறுத்தியதால் ரொம்ப நாள் தயங்கியவள். பால் கொடுக்கிறவர்களும் போடலாம் என்று மே மாதம் மத்திய அரசு சொன்ன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கிராம நர்ஸ் வீட்டுக்கே வந்து, "எனக்கும் கைப்பிள்ளைதான், நான் போட்டுக்கிட்டேன், பால் நல்லாத்தான் வருது" என்று சொன்னதும் கிளம்பிவிட்டாள். டிவியில் எத்தனை டாக்டர்கள் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. யாரையாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால் என்ன பேச வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பெரியம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபது வயது இருக்கும், இப்போது தோட்ட வேலைக்கு வருவதில்லை. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேல் கையைக் காட்டினார். தோல் சுருங்கிப்போன இடத்தில் இரண்டு வட்டத் தழும்புகள், பழைய காலணா அளவுக்கு, நடுவில் குழி விழுந்து பளபளவென்று இருந்தன. சின்ன வயசில் அம்மை குத்தியது. "குத்துற ஆள் வந்தா எங்கம்மா எங்களைச் சோளக்காட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கும். ஒருநா என்னைப் பிடிச்சுட்டாங்க. தங்கச்சி ஓடிட்டா." கொஞ்ச நேரம் அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அவளை மாரியாத்தா கூட்டிட்டுப் போயிட்டா. எனக்கு ஒண்ணும் இல்ல." பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அது யார் கையில் என்ன தடம் வைத்துவிட்டுப் போனது என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

பத்தாவது ஆளுக்கு எங்கே போவது? இரண்டு வீட்டில் கேட்டேன். ஒரு வீட்டில் பயம். இன்னொரு வீட்டில், ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ வாட்சப்பில் அனுப்பியதை நம்பி, கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

மதினியிடம் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தேன். "அவரைப் போக விடாம நிறுத்துனவ நான். எனக்கு எதுக்குத் தம்பி?" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன், ஒன்றும் எடுபடவில்லை. அன்று அதெல்லாம் பேசவில்லை. "ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கோம் மதினி. நீங்க வந்தாத்தான் குப்பியைத் திறப்பாங்களாம். இல்லைன்னா பெரியம்மா உட்பட எல்லாரும் திரும்பணும்" என்றேன்.

அடுப்பை அணைத்தார். ஆதாரை எடுத்துக்கொண்டு, உடுத்தியிருந்த சேலையோடு வந்து வண்டியில் ஏறிவிட்டார். பாதி வழியில்தான் கவனித்தேன், காலில் செருப்பு இல்லை.

பத்துப் பேருக்கும் போட்டு முடித்த பிறகு நர்ஸ் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊசியில் இழுத்தபோது அரை மில்லி முழுசாக வந்தது. வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற பால்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டார். மலைக்கு மேலே இருக்கிற நர்சுகள் இதற்கு ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தார்கள். கேரளாவுக்கு வந்தது 73.38 லட்சம் டோஸ், போட்டது 74.26 லட்சம் என்று முதல்வர் பினராயி விஜயன் மே மாதம் சொன்னதைக் குமுளியில் எனக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் போனில் பெருமையோடு சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கை இருந்தது என்பதை எழுதி வைக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்காகன்னா வந்திருக்க மாட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "என் மேல கோபம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். "நானும்தானே மதினி அன்னைக்குச் சரின்னேன்" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி எனக்கு நல்ல காய்ச்சல், பாராசிட்டமால் போட்டதும் விட்டது. கை இரண்டு நாள் கனத்தது. மதினிக்கு ஒன்றுமே இல்லை.

இரண்டாவது தவணைதான் எங்களைப் படுத்திவிட்டது. முதலில் 28 நாள், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் என்று இருந்த இடைவெளியை, மே மாதம் 12 முதல் 16 வாரமாக்கியிருந்தார்கள். 84 நாள் ஆகாமல் கணினி பதிவையே ஏற்காது. தோட்டத்து முதலாளியோ, இரண்டு ஊசியும் போட்ட ஆளை மட்டும் ஏற்றி வா என்று சொல்லிவிட்டார். கோவாக்சின் என்றால் 28 நாளில் அடுத்தது என்பதால், பாக்கியிருந்த பெண்கள் அதைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். எது நல்ல மருந்து என்பதெல்லாம் அவர்களுக்குக் கேள்வியே இல்லை, எது சீக்கிரம் மலையேற்றும் என்பதுதான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் 5 முதல், கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவதற்கும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு தவணைச் சான்றோ வேண்டும் என்றாகிவிட்டது. கூலி வேலைக்குப் போய் வருகிறவர்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுக்கொண்டா இருக்க முடியும்?

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு முழுக்க முதல் மெகா முகாம் நடந்தது. அதில் இரண்டாவதைப் போட்டுக்கொண்டோம். வேலை சீக்கிரம் முடிந்தது, ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. முதல் தவணைக்கு மதினியின் பெயரை என் நம்பரில் பதிந்திருந்தோம். முகாமில் பதிவு செய்தவர் அவசரத்தில் போன் நம்பரை மட்டும் கேட்க, மதினி வாயில் வந்த நம்பரைச் சொல்லிவிட்டார். அது அண்ணன் நம்பர். அந்தப் போனை மதினி அணைக்கவே இல்லை, மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருந்தார்.

அன்று சாயங்காலம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்ததால் அவரால் படிக்க முடியவில்லை, கோவிஷீல்டு என்ற சொல்லை மட்டும் அடையாளம் கண்டிருக்கிறார். "உங்க அண்ணனுக்கு ஊசி போட்டாச்சுன்னு வந்திருக்கு தம்பி" என்றார். வாங்கிப் பார்த்தேன். மதினி பெயர்தான் இருந்தது, ஆனால் முதல் தவணை என்று. அதாவது அவருக்கு இரண்டு முதல் தவணை, இரண்டாவது இல்லை.

ஊசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பிழையைத் தெரிவிக்கிற பகுதியில், இப்படி வந்துவிட்ட இரண்டு முதல் தவணைச் சான்றுகளை ஒன்றாக்கவும் வழி இருந்தது. அண்ணன் மகள் உட்கார்ந்து செய்தாள். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த ஓடிபியை ஒவ்வொன்றாக அடித்தாள். சில நாளில் இரண்டாம் தவணை முடிந்தது என்று சரியான சான்று வந்தது. அதன்பிறகு ஊசிக்கு ஆள் கூட்டிப்போனால், முகாமை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொருவர் மெசேஜையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

சான்றை லேமினேட் செய்து மதினியிடம் கொடுத்தேன். பழைய மெசேஜ் இனி வேண்டாம், அழித்துவிடவா என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும் தம்பி. அவர் போன்லயே இருக்கட்டும்."

பதினான்கு நாள் முடிந்து, செப்டம்பர் 27 திங்கட்கிழமை விடிகாலை, தூக்குவாளியோடு வாசலில் நின்றார். தோட்ட வேலைக்கு அவர் மலையேறியது அன்றுதான் முதல் தடவை. முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டார்.